ஆயில்யம் அட்டை

அம்மிணி, அம்மிணி! அதை மட்டும் எடுக்காதீங்க. கீழ வெச்சிருங்க.

கோவிச்சுக்காதீங்க. என்ற குரலே இப்பிடித்தானுங்க. மோட்டார் காயில் கட்ற பட்டறையில முப்பது வருசம் கத்திக் கத்தி இப்பிடி ஆயிப்போச்சு. அட, பாத்தீங்களா, தொழிலைச் சொல்லிட்டேன். மறந்துருங்க. இந்த மேசையில தொழில் சொல்லக் கூடாதுங்க. பேரும் சொல்லக் கூடாது, ஊரும் சொல்லக் கூடாது. விதி. விதி போட்டவனே நானு, நானே மீறுனா எப்பிடி?

சித்தெ உக்காருங்க. கதவு தெறக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது.

இது கல்யாண மண்டபம்னு வாசல்லயே தெரிஞ்சிருக்கும். ஆடியில யாரு கல்யாணம் வெக்கறாங்க? மண்டபம் சும்மா கெடக்கும். அதனால நம்ம விண்வெளி நோம்பி வருசா வருசம் ஆடி ரெண்டாவது சனி, ஞாயிறு. விஞ்ஞானக் கதை படிக்கறவங்க, எழுதறவங்க, தகரத்துல ராக்கெட் செஞ்சு கொண்டாறவங்க, மூஞ்சிக்குப் பச்சை பூசிட்டு டவுன் பஸ்ஸுல வர்றவங்க, எல்லாம் வருவாங்க. பொண்ணு மாப்பிள்ளை நிக்கற மேடையில இன்னைக்குச் செவ்வாய் கிரகத்துல வெவசாயம் பண்ண முடியுமான்னு சண்டை நடக்கும். நம்மளுக்கு இந்த மேசை. கல்யாணத்துக்குப் பன்னீர்ச் செம்பு வெக்கற அதே மேசைதான். வர்றவங்களுக்குப் பன்னீர் தெளிச்சு, கல்கண்டு குடுத்து, எந்த ரூமுல என்ன நடக்குதுன்னு சொல்லி அனுப்போணும். கொம்பு ஒடஞ்சா ஒட்டிக் குடுக்கோணும். வால் அறுந்தா தெச்சுக் குடுக்கோணும். அவ்வளவுதான் சோலி.

தொண்டருங்க மொத்தம் இருபத்தேழு பேரு. இருபத்தேழு நட்சத்திரம், ஆளுக்கு ஒரு அட்டை. நெஞ்சுல குத்திக்கிட்டா அதுதான் பேரு. நான் கேட்டை. அங்க நாற்காலி தூக்கறாரே, அவரு மகம். கல்கண்டைத் தட்டுல கொட்டறது உத்திரம். அட்டையை வருசம் பூரா அவங்கவங்க வூட்லயே வெச்சிருந்து, அடுத்த ஆடிக்குக் குத்திட்டு வரோணும். போன் நம்பர் வாங்கறதில்ல. குழு கிழு எதுவும் கெடையாது. வர இஷ்டமில்லாட்டி அட்டையக் கொண்டாந்து மேசையில வெச்சிட்டுப் போயிரலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டோம். இப்ப இங்க கெடக்கற ஆறும் அப்பிடித் திரும்பி வந்ததுதான். அஞ்சுல எதை வேணா எடுத்துக்குங்க.

ஏன் இப்பிடி ஒரு விதின்னு கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறதுதான். மொத வருசம் பேர் எழுதித்தான் அட்டை குத்துனோம். பேரைக் கேட்டவன் ஊரைக் கேட்டான். ஊரைக் கேட்டவன் ஊருக்குள்ள எந்தப் பக்கம்னு கேட்டான். மத்தியானத்துக்குள்ள பந்தியே ரெண்டாப் பிரிஞ்சு போச்சுங்க. ஒரே கதையப் படிச்சுட்டு அழுதவங்க, அம்மிணி! கோடி மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்காக அழுவாங்களாம், பக்கத்து எலையில உக்கார மாட்டாங்களாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அடுத்த வருசமே எல்லாப் பேரையும் தூக்கிப் போட்டுட்டு நட்சத்திரத்தைக் கொண்டாந்தேன். நல்ல விதிங்க. இன்னைக்கும் சொல்றேன், நல்ல விதி. பதினாலு வருசமா ஒரே பந்தி.

அந்த வருசம் அட்டையெல்லாம் இதே மேசையில பரப்பி வெச்சனா, ரோகிணி, ரேவதி, சுவாதி எல்லாம் கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள போயிருச்சு. மூலம், கேட்டை, ஆயில்யம் மூணும் கெடையாக் கெடந்துச்சு. செவ்வாய் கிரகத்துக்கு டிக்கெட் கேக்கற கூட்டம், ஆயில்யம்னா ஒதுங்கறாங்க பாருங்க! கேட்டையை நான் எடுத்துக்கிட்டேன். அப்ப ஒரு அம்மா, நாப்பது வயசிருக்கும், கண்ணாடி, சுங்கடிச் சேலை, நேரா வந்து ஆயில்யத்தை எடுத்துக் குத்திக்கிட்டாங்க. "இது என்ற சொந்த நட்சத்திரமுங்க. இதனாலதான் என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் காப்பியக் கூடக் குடிக்காமப் போனாங்க. மாமியாருக்கு ஆகாதாம். யாருன்னே தெரியாத ஒரு மாமியாரை நான் இத்தனை வருசமாக் காப்பாத்திட்டு இருக்கறேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

நான் சிரிக்கலீங்க. "சொந்த விசயம் பேசக் கூடாது, விதி"ன்னேன்.

அந்த ஆடியோட சேத்துப் பதினோரு ஆடி கூட நின்னாங்க. அந்தக் கோடியில அவங்க, இந்தக் கோடியில நானு. எடது கையில தெப்பாங்க. அந்தக் கையில அறுந்த வாலைக் குடுத்தா ரெண்டு நிமிசத்துல வாலு வந்துரும். புளிசாதத்துல கடலைய மட்டும் பொறுக்கி ஓரமா வெச்சிருவாங்க, அதை நான் எடுத்துத் திம்பேன். ராக்கெட்டு திரும்பி வராத கதை அவங்களுக்கு ஆகாது. "போனவங்க வரோணுமுங்க, வராட்டி எதுக்குங்க கதை"ம்பாங்க. எந்த ஊருன்னு கேட்டதில்ல. பஸ் டிக்கெட்டைக் கண்ணாடிக் கூட்டுல சொருகி வெச்சிருப்பாங்க, பொள்ளாச்சின்னு எழுதியிருக்கும். அதைப் பாத்ததே எனக்குக் குத்தமாப் பட்டுச்சு.

பசை அவங்க பக்குவமுங்க. மைதா மாவைக் காச்சி, துளி மயில்துத்தம் போட்டு, தூக்குப்போசி நெறையக் கொண்டாருவாங்க. துத்தம் போட்டா மாடு போஸ்டரை நக்காது, பூச்சியும் அண்டாது. நோம்பிக்கு மொத நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், நாங்க ரெண்டு பேருந்தான் மண்டபத்து வெளிச் சுவத்துல போஸ்டர் ஒட்டுவோம். நான் பசை பூசுவேன், அவங்க ஒட்டுவாங்க. அந்தப் பசையில ஒட்டுனது கிழிஞ்சாலும் கிழியும், பிரியாது.

ஒரு வருசம் பன்னீர்ச் செம்பைக் கையில வெச்சுக்கிட்டே சொன்னாங்க: "இங்க நின்னா நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு நிக்கறாப்பல இருக்குதுங்க கேட்டை. நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்." நான், "மேசை கோணலா இருக்குது, அந்த முனையச் சித்தெ புடிங்க"ன்னேன். புடிச்சாங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க. என்ற சம்சாரம் போயி அப்பவே அஞ்சு வருசம் ஆயிருந்துச்சு. அது அவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னாத்தானே தெரியறதுக்கு?

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

பதினோராவது ஆடி. வெள்ளிக்கிழமை அவங்க ஆட்டோவுல வந்து எறங்குனதும் மகம் "அடேங்கப்பா!"ன்னு கத்துனாரு. தலையில ஒரு முடி இல்லீங்க. புருவம் கூட இல்ல. ஆளு பாதியா எளைச்சு, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, தோலெல்லாம் ஒரு மாதிரி சாம்பல் பூத்து நிக்கறாங்க. நாங்க என்ன நெனச்சோம்? வேசம்! பத்து வருசமா வேசம் கட்டாத மனுசி, இந்த வருசம் புருவத்தைக் கூடச் செரைச்சுட்டு வேற்றுக்கிரகத்து ஆளா வந்திருக்காங்கன்னு எல்லாரும் கை தட்டுனோம். உத்திரம் விசில் அடிச்சுச்சு. அவங்க ஒரு நொடி எங்க மூஞ்சியெல்லாம் பாத்தாங்க. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தாங்க. பொறகு சிரிச்சுட்டு, ரெண்டு வெரலைக் கொம்பாட்ட தலைக்கு மேல வெச்சுக் காட்டுனாங்க.

ஞாயித்துக்கிழமை மேடையில ஏத்தி, வேசப் போட்டியில மொதப் பரிசு குடுத்தோமுங்க. எவர்சில்வர் தட்டு. நடுவர் வேற யாரு, நாந்தான். மைக்கைப் புடிச்சு, "இத்தனை வருசத்துல இவ்வளவு தத்ரூபமா ஒருத்தரும் வந்ததில்ல"ன்னு பேசுனேன். இந்த வாயிலதான் பேசுனேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மேசையத் தொடைச்சுட்டு இருக்கறப்ப கேட்டாங்க: "கேட்டை, என்ற பேரு என்னன்னு உங்களுக்கு ஒரு நாளாச்சும் கேக்கத் தோணலீங்களா?"

"விதிங்க"ன்னேன்.

"நானாச் சொன்னா?"

நான் ரெண்டு கையிலயும் காதைப் பொத்திக்கிட்டு, "கேக்கலையே, கேக்கலையே"ன்னு சுத்திச் சுத்தி வந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களுந்தான் சிரிச்சாங்க. வாய் மட்டும் ஏதோ அசைஞ்சுச்சு. சொன்னாங்களா, சும்மா அசைச்சாங்களா, எனக்குத் தெரியாது. கையை எடுக்கறப்ப, "சரி, அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்"னாங்க.

அடுத்த ஆடி வந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் இந்த வாசல்லயே நிக்கறேன். ஆளைக் காணம். பசை இல்ல. எனக்கு எப்பிடி இருக்கும், நீங்களே சொல்லுங்க! பதினோரு வருசம் கூட நின்னவங்க. மொதப் பரிசு வாங்குனதும் மண்டைக்கனம் ஏறிப்போச்சுன்னு மகத்துக்கிட்டச் சொன்னேன். ஆமாங்க, அப்பிடித்தான் சொன்னேன். பொறகு சமையக்கட்டுல நானே மாவு காச்சி, அவங்க பக்குவத்துலயே துத்தம் போட்டுக் கிண்டுனேன். அவங்க இல்லாட்டி நின்னா போயிரும்னு ஒரு வீம்பு.

சுவத்துல நாங்க வழக்கமா ஒட்டற எடத்துல, வரிசையா மூணு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். புதுசு. எனக்கு எரிச்சல். ஊருல சுவரா இல்ல, இங்கதானா ஒட்டோணும்? படத்துல ரெட்டை ஜடை போட்டு ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும். ஐயோ பாவம், சின்ன வயசுன்னு நெனச்சுக்கிட்டே அது மூஞ்சி மேல பசையத் தேச்சேன். பேரு பெருசா எழுதித்தான் இருந்துச்சு. கண்ணு பட்டிருக்கும், மனசுல நிக்கல. பேரைப் படிக்கறது எனக்கு வழக்கமில்லாமப் போயிருச்சு. மூணு மேலயும் நம்ம விண்வெளி நோம்பி போஸ்டரை அடிச்சேன். நம்மளது கொஞ்சம் நீளம் பத்தல. கடைசியில ஒட்டுனதுக்கு அடியில ரெண்டு வெரக்கடை நீட்டிட்டு இருந்துச்சு. "குடும்பத்தினர் மற்றும் ஆடி மாத நண்பர்கள்"னு அதுல போட்டிருந்தாங்க. ஆடி மாசம் மட்டும் கூடிக் குடிக்கற கூட்டம் போலிருக்குதுன்னு நான் சிரிச்சேனுங்க. தனியா நின்னு சிரிச்சேன்.

மறுநாள் சனிக்கிழமை, பதினோரு மணிக்கு நல்ல கூட்டம். பத்து பதினஞ்சு நாள் தாடியோட ஒருத்தர் வந்து மேசைக்கு முன்னால நின்னாரு. "கேட்டைங்கறது யாருங்க?"ன்னாரு. நாந்தான்னேன். சட்டைப் பையில இருந்து இந்த அட்டைய எடுத்து மேசையில வெச்சாரு. ஆயில்யம்.

எனக்குத் தலைக்கு ஏறிப்போச்சு. "அவங்களே வந்து வெக்கச் சொல்லுங்க! பதினோரு வருசம் கூட நின்ன மனுசி, அட்டைய ஆள்கிட்டக் குடுத்து தாட்டி உடறதா? நேர்ல வந்து போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? பசை இல்லாம நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?" அவரைப் பேசவே உடலீங்க. வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. அவரு தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே நின்னாரு. நான் மூச்சு வாங்கறப்பத்தான் வாயத் தெறந்தாரு.

"வெளிச் சுவத்துல பாக்கலீங்களா?"

என்னத்தைப் பாக்கறதுன்னு கேட்டேன்.

"அக்கா போயிப் பதினாறு நாள் ஆச்சுங்க. புத்து நோயிங்க. ரெண்டு வருசமா வைத்தியம். போன ஆடிக்கு வர்றப்பவே மருந்துல முடியெல்லாம் கொட்டிப்போச்சு. போக வேண்டாம்னோம், கேக்கல. திரும்பி வந்து தட்டைக் காட்டி, மொதப் பரிசுடான்னு சிரிச்சாங்க. ஆடி மாச நண்பர்களுக்குச் சொல்லிரோணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா உங்க ஒருத்தர் பேரும் தெரியல, நம்பரும் தெரியல. மண்டபத்துச் சுவத்துல ஒட்டிருங்கடா, கேட்டை வெள்ளிக்கிழமை போஸ்டர் ஒட்ட வருவாரு, மொத ஆளா அவருதான் பாப்பாருன்னாங்க. அதான் புதன்கிழமையே வந்து மூணு ஒட்டுனோம். மொட்டைத் தலைப் படம் வேண்டாம்னு வயசுப் படமாப் போட்டோம். அட்டையத் திருப்பிக் குடுத்துரோணும், அது அவரு விதின்னு சொன்னாங்க."

மொத ஆளா நாந்தான் பாப்பேன்னு சொன்னாங்களாம் அம்மிணி. பாத்தனே. மொத ஆளா நாந்தான் பாத்தேன்.

அவரை அப்பிடியே உட்டுட்டு ஓடுனேன். ஒரு கொடம் தண்ணிய அடிச்சு நம்ம போஸ்டரை உரிச்சேன். அவங்க பசையாச்சே, உடுமா? என்ற போஸ்டரோட சேந்து அவங்களதும் பிஞ்சு பிஞ்சு வருது. மூஞ்சி வருது, பேரு வருது, எல்லாம் மாவாக் கையில வருது. ரெண்டாவதை நகத்துல சொரண்டுனேன். அதுவும் அப்பிடியே. மூணாவதை அவசரப்படாம, ஓரத்துல இருந்து ஈரத்துணி வெச்சு, ஒரு மணி நேரம் உரிச்சேன். ஒண்ணும் நிக்கல. அடியில அந்த ரெண்டு வெரக்கடைதான் நின்னுச்சு. ஆடி மாத நண்பர்கள். அது நாங்கதானுங்களே. எங்களையும் குடும்பத்தோட சேத்து எழுதியிருந்தாங்க.

உள்ள ஓடியாந்தா அவரு போயிட்டாரு. உத்திரத்துக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க, அவருக்குப் பன்னீர் தெளிச்சு, கல்கண்டு குடுத்து அனுப்பியிருக்குது. வாங்கிட்டுப் போனாராம்.

பேரைக் கேக்கலீங்க நானு. அவரு அக்கா அக்கான்னுதான் சொன்னாரு, நானும் கேக்கல. மண்டபத்து வாட்ச்மேனைக் கேட்டேன். "செத்தவங்க போஸ்டரை யாருங்க நின்னு படிக்கறா"ன்னுட்டாரு. பொள்ளாச்சிக்கு நாலு தடவை போயிட்டேன். தெருத் தெருவாச் சுவத்தைப் பாத்துட்டு நடக்கறேன். ஆடிக் காத்துலயும் சாரல்லயும் எது நிக்கும்? யாரைப் போயிக் கேக்கறது, என்னன்னு கேக்கறது? ஆயில்யம் வூடு எதுங்கன்னா கேக்க முடியும்? வீட்ல தனியா இருக்கறப்ப அழுகறதுக்குக் கூட ஒரு பேரு வேணுமுங்க. ஆயில்யம் ஆயில்யம்னு அழுதா பஞ்சாங்கம் படிக்கறாப்பல இருக்குது.

அதனாலதான் அந்த அட்டைய யாருக்கும் குடுக்கறதில்ல. காலையில வந்ததும் அந்தக் கோடியில வெப்பேன், மொதப் பன்னீரை அதுக்குத் தெளிப்பேன், சாயங்காலம் எடுத்து வெச்சுக்குவேன். ஆனா விதி விதிதான், அதுல மாத்தமில்ல. நீங்க பூரட்டாதி எடுத்துக்குங்க. நல்ல நட்சத்திரம்.

என்னங்க? எதுக்குக் கண்ணைத் தொடைக்கறீங்க?

உங்களுதும் அதுதானா? ஆயில்யமா? அதனாலதான் எடுத்தீங்களா?

சொந்த விசயம் பேசக் கூடாதுன்னு... சரி, உடுங்க. உங்களைப் பாக்க வந்தவங்களும் காப்பி குடிக்காமத்தான் போனாங்களா? தலைய ஆட்டறீங்க. என்ன சனமோ போங்க.

இந்தாங்க. புடிங்க. குத்திக்குங்க. ஊசி கொஞ்சம் துரு ஏறியிருக்கும், பாத்து.

இருங்க, இருங்க. குத்தறதுக்கு முந்தி பேரைச் சொல்லுங்க. ஆமா, உங்க பேருதான். முழுசாச் சொல்லுங்க. மகம் பாத்தாப் பாக்கட்டும், விதி போட்டவன் நாந்தானே. இங்க பாருங்க, என்ற கை ரெண்டும் மேசை மேலதான் இருக்குது. காது நல்லாக் கேக்குது.

ம்.

நல்ல பேரு. அவங்களுக்கும் இதே பேரா இருந்திருக்குமோ. யாரு பேரைக் கேட்டாலும் ரெண்டு வருசமா எனக்கு இதே ரோசனைதானுங்க.

இன்னொருக்காச் சொல்லுங்க.